ஜெனறேற்றருக்கு மூன்று கூட்டம், பயணத்துக்கு ஒன்றுமில்லை

(நமது கூட்டின் இலையுதிர்கால ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேச்சுவழக்கு வந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறோம்.)



ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். இன்றைக்குப் பின்னேரம் நாங்கள் வாக்கெடுக்கப் போற தீர்மானம் இருக்கெல்லோ, மொஹாவே பாலைவனத்தில் நாலு நாள் தமிழ்க் கலைக்கூடல் நடத்துவது என்று, அதை எழுதிக் கொண்டுவந்தது நான். போன வருசம் இதே மாதிரி நின்று, படம் எல்லாம் காட்டி, உங்களில் பாதிப்பேருக்கு ஆசை மூட்டியதும் நான்தான். இன்றைக்கு அதே தீர்மானத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்றால், இந்தக் கோடையில் தீர்மானத்தோடு இணைக்க ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். "சுற்றுச்சூழல்" என்று தலைப்பு. நான் படிக்கிறது சுற்றுச்சூழல் பொறியியல், ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது. அரை மணித்தியால வேலை என்றுதான் உட்கார்ந்தேன். சூரிய மின்பலகை, மக்கும் குப்பை, பிளாஸ்ரிக் போத்தல் இல்லை, அவ்வளவுதானே. எழுதி முடிக்க மூன்று கிழமை எடுத்தது. முடிவில் என் சொந்தத் தீர்மானத்தை நானே எதிர்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பாலைவனக் கலைவிழா, நெவாடாவில் நடக்கும் பேர்ணிங் மேன். 2022இலும் 2023இலும் போனேன். ஆகவே அதை வைத்தே பேசுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுறன். 1986இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்ஸும் ஒரு மரப்பொம்மையை எரித்தார்கள். அங்கே தொடங்கியது. 1990இல் அது பிளாக் றொக் பாலைவனத்துக்குப் போனது. இன்று ஒவ்வொரு ஓகஸ்ட் கடைசியிலும் அங்கே எழுபது, எண்பதாயிரம் பேர் சேர்ந்து ஒரு நகரம் கட்டுகிறார்கள். வீதிகள், கோயில் மாதிரி ஒரு மரமண்டபம், பெரிய சிற்பங்கள், பாட்டுக்கூடாரங்கள். உள்ளே காசு புழங்காது. ஐஸைத் தவிர ஒன்றும் விற்கமாட்டார்கள். ஆட்கள் சும்மா கூப்பிட்டுச் சாப்பாடு தருவார்கள், தேத்தண்ணி தருவார்கள். என் அம்மம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவ துளியும் அதிசயப்படவில்லை. "தண்ணீர்ப்பந்தல் போட்டிருக்கினம், அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் போனனீ?" என்று கேட்டா.

அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் பகிடியாக எடுத்தேன்.

பேர்ணிங் மேனில் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நியாயமாக இராது. அங்கே குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோன ஒவ்வொன்றையும் நீங்களே திருப்பிக் கொண்டுவர வேண்டும். "மூப்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இடம் தவறிக் கிடக்கும் எந்தப் பொருளும் மூப்தான். சிகரெட் கட்டை, ஆணி, பிஸ்தாக் கோது, உடுப்பிலிருந்து உதிர்ந்த ஒரு ஜிகினாத் துண்டு எல்லாம் அதில் அடக்கம். விழா நடப்பது அமெரிக்க நடுவண் அரசின் நிலம் என்பதால், முடிந்த பிறகு நில முகாமைப் பணியகம் வந்து சோதிக்கும். ஏக்கருக்குச் சராசரி ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை மிஞ்சியிருந்தால் அனுமதிக்கே ஆபத்து. அதனால் எல்லாரும் போனபிறகும் ஒரு குழு நின்று வரிசை வரிசையாக நடந்து, முழுத் தரையையும் கண்ணால் அரித்து எடுக்கும். எந்தக் கூடாரம் எவ்வளவு மிச்சம் விட்டது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் வரைபடம் போட்டு வெளியிடுவார்கள். சிவப்பு விழுந்தால் வெட்கம்.

எங்கள் கூடாரத்திலும் கடைசி நாள் இருபத்திரண்டு பேர் தோளோடு தோள் நின்று குனிந்து நடந்தோம். அரைமணித்தியாலத்தில் ஒரு கைப்பிடி மூப். மரத்தூள், நூல், ஒரு பொட்டு. பொட்டு என்னுடையது. எண்பதாயிரம் பேர் வாழ்ந்த இடத்தைக் கூட்டு உழைப்பால் அப்படித் துடைக்க முடியும் என்று நேரில் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம். எங்கள் ஊர்வலங்கள் முடிஞ்சாப்பிறகு வீதியில் கிடக்கும் தண்ணிப் போத்தல்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். இந்த ஒரு பழக்கத்தையாவது அவர்களிடம் படிக்கலாம்.

இனித்தான் கணக்குக்கு வருகிறேன்.

2022இல் எங்கள் கூடாரத்துக்கு ஒரு பெற்றோல் ஜெனறேற்றர். இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது. பெரும்பாலான நேரம் நாலு லைற்றுக்கும் ஒரு ஐஸ்பெட்டிக்கும் மட்டும். ஜெனறேற்றர் அப்படிக் கொஞ்சச் சுமைக்கு ஓடும்போதுதான் எரிபொருளை அதிகம் வீணாக்கும். கிழமை முடிவில் கணக்குப் பார்த்தால் 160 லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. ஆக, கிட்டத்தட்ட 370 கிலோ.

திரும்பி வந்ததும் எங்களுக்குக் குற்ற உணர்ச்சி. அடுத்த வசந்தத்தில் இணையவழியே மூன்று கூட்டம் போட்டோம். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். சூரிய மின்பலகையா வேண்டாமா, எத்தனை பற்றறி, காசு ஆர் தாறது, சண்டை, கண்ணீர், சமாதானம் எல்லாம் நடந்தது. கடைசியில் ஜெனறேற்றர் வேண்டாம் என்று முடிவெடுத்து, நாங்கள் பெரிய புரட்சியாளர்கள் என்ற நினைப்போடு 2023இல் போனோம்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் விமானத்தில் வந்தவர்கள். நான் உட்பட. ரொறன்ரோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்வர ஒரு ஆளின் பங்கு அரைத் தொன்னுக்கு மேல். லண்டனிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தொன்னுக்கு மேல். அதாவது, நான் ஒருத்தி பறந்து போய் வந்தது, முழுக் கூடாரமும் ஒரு கிழமை ஓட்டிய ஜெனறேற்றரைவிட அதிகம்.

அந்த மூன்று கூட்டங்களிலும் பயணத்தைப் பற்றி நாங்கள் ஒரு நிமிடம்கூடக் கதைக்கவில்லை. ஒருத்தரும் அதை மறைக்கவில்லை. ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை.

இது எங்கள் கூடாரத்தின் கதை மட்டுமில்லை. விழாவை நடத்தும் அமைப்பு 2019இல் ஒரு திட்டம் வெளியிட்டது. 2030க்குள் மூன்று இலக்குகள்: கழிவைச் சூழலுக்கு ஏற்றபடி கையாளுவது, நிலத்தையும் சமூகத்தையும் மீட்டெடுப்பது, வெளியிடும் காபனைவிட அதிகமாக அகற்றுவது. தங்கள் காபன் கணக்கையும் அவர்களே வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆட்கள் வந்து போகிற பயணம். ஜெனறேற்றர், தீ, கலைப்பொருள் எல்லாம் மிச்சச் சொச்சம். அந்த வருசம் போன ஏறத்தாழ எண்பதாயிரம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்றேகால் தொன். இலங்கையில் ஒரு ஆளின் சராசரிக் காபனீரொட்சைட்டு, ஒரு முழு வருசத்துக்கு, ஏறத்தாழ ஒரு தொன். பருத்தித்துறையில் என் அம்மம்மாவின் தங்கச்சி ஒரு வருசம் அடுப்பெரித்து, பஸ்ஸேறி, லைற் போட்டு வாழ்கிற வாழ்க்கையை நாங்கள் ஒரு கிழமையில் முடித்துவிட்டு, தரையில் கிடந்த பொட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

"தடயம் விடாதே" என்பது அவர்களின் பத்துக் கொள்கைகளில் ஒன்று. நல்ல கொள்கை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் தடயத்துக்குத்தான் வரைபடம் போடுகிறார்கள். காற்றில் விட்டதற்குச் சிவப்பு நிறம் கிடையாது.

அடுத்தது, அந்தப் பத்தில் இன்னொரு கொள்கை: முற்றுமுழுதான தற்சார்பு. உன் தண்ணி, உன் சாப்பாடு, உன் நிழல், உன் மின்சாரம், எல்லாவற்றையும் நீயே கொண்டு வா. கேட்க வீரமாக இருக்கும். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ஒவ்வொரு கூடாரமும் தன் தேவைக்கு ஒரு ஜெனறேற்றர் கொண்டுவரும். பக்கத்துப் பக்கத்து ஆறு கூடாரத்தில் ஆறு இயந்திரம் அரைச்சுமையில் இரைந்துகொண்டிருக்கும். ஒன்றை வைத்துப் பகிர்ந்திருந்தால் போதும். காசுள்ளவனுக்குத் தற்சார்பு என்றால் ஏசி போட்ட பெரிய வண்டி, சிலருக்குத் தனி விமானம். அந்தப் பாலைவனத்தில் விழாவுக்கென்றே ஒரு தற்காலிக விமானத்தளம் போடுகிறார்கள் தெரியுமோ? 2023இல் நுழைவுச்சீட்டு 575 டொலர். வாகன அனுமதி வேறு. குனிந்து பொறுக்குவது எல்லாருக்கும் சமம். எவ்வளவு எரிப்பது என்பது அவரவர் வசதி. இந்த மாதிரிச் சமத்துவத்தை நாங்கள் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

இப்ப எனக்கே வெட்கமான ஒரு கதை.

2023 ஓகஸ்ட் 27, விழாவின் முதல் நாள். காலநிலைச் செயற்பாட்டாளர்கள் சிலர் போகிற வழியில் ஒரு இழுவண்டியைக் குறுக்கே போட்டு வீதியை மறித்தார்கள். தனி விமானங்களைத் தடைசெய், ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக்கைத் தடைசெய், தேவையில்லாமல் வாயு எரிப்பதை நிறுத்து, ஜெனறேற்றருக்கு எல்லை வை என்பவை கோரிக்கைகள். நாங்கள் அந்த வரிசையில் நின்றோம். வெயில். வானுக்குள் ஏழு பேர். பின்னால் எங்கள் மின்பலகைகள் கட்டியிருக்கு. எனக்கு வந்தது கோபம்தான். "எங்களை ஏன் மறிக்கினம், நாங்கள்தான் சோலார் கொண்டு போறமே" என்று நான் சொன்னேன். ரொறன்ரோவில் வீதி மறித்து உட்கார்ந்த ஒருத்தி வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

அந்த மறிப்பு எப்படி முடிந்தது என்று காணொளியில் பார்த்திருப்பீர்கள். பிரமிட் லேக் பயூட் பழங்குடியின் காவலர் ஒருவர் தன் வண்டியால் தடையை இடித்துக்கொண்டு போய், கையில் துப்பாக்கியோடு இறங்கினார். அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான், நான் ஆருடைய வீதியில் நிற்கிறேன் என்ற கேள்வியே எனக்கு வந்தது.

ரீனோவிலிருந்து விழா நடக்கும் இடம் இருநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 447ஆம் இலக்க வீதி, இரண்டே தடம், பயூட் மக்களின் காப்புநிலத்துக்குள்ளால் போகிறது. 1860இல் வெள்ளைக் குடியேறிகளோடு அந்த ஏரிக்கரையில் போர் நடந்திருக்கிறது. 1905இல் டிரக்கி ஆற்றில் டேர்பி அணையைக் கட்டி, வேறிடத்து விவசாயத்துக்குத் தண்ணியைத் திருப்பினார்கள். பிரமிட் ஏரியின் மட்டம் எண்பது அடிக்கு மேல் இறங்கியது. அந்த மக்களின் உணவும் அடையாளமுமான மீன்கள் முட்டையிட ஆற்றுக்குள் ஏற முடியாமல் போனது. பக்கத்தில் வினமக்கா என்று இன்னொரு ஏரி இருந்தது. 1930களில் அது முழுக்க வற்றிவிட்டது. இன்றைக்கும் 447இல் போகும்போது வலக்கைப் பக்கம் அந்த வெள்ளைத் தரையைப் பார்க்கலாம். 2022இல் நான் அதைப் படம் எடுத்து "வெறுமையின் அழகு" என்று போட்டேன். அது வெறுமை இல்லை. தண்ணியைப் பறிகொடுத்த ஒரு ஏரி.

தமிழ்ப் பாடசாலையில் ஐந்திணை பாடமாக்கினது ஞாபகம் இருக்கா? பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டால் வருவதுதான் பாலை என்று ரீச்சர் சொல்லித்தந்தா. அப்ப சும்மா பரீட்சைக்குப் பாடமாக்கினேன். அந்த வீதியில்தான் அது விளங்கியது. எல்லாப் பாலைவனமும் மனிதர் உண்டாக்கியது என்று சொல்ல வரவில்லை. "ஒன்றுமில்லாத இடம்" என்று எங்களுக்குக் காட்டப்படும் நிலத்துக்கு முன்னால் நின்று, இது எப்படி இப்படி ஆனது என்று ஒருதரம் கேட்க வேண்டும். எங்கள் சனத்தின் காணிகளும் "ஆளில்லாத காணி" என்று எழுதப்பட்டவைதானே.

திரும்பி வரும்போது அதே வீதியில் பயூட் மக்கள் சிறு கடைகள் போட்டிருப்பார்கள். பொரித்த ரொட்டி விற்பார்கள். குப்பைப் பைக்குச் சில டொலர் வாங்கிக்கொண்டு குப்பையைப் பொறுப்பெடுப்பார்கள். நாங்களும் ஆறு பை கொடுத்தோம். இது எங்கே போகும் என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். ரீனோப் பக்கம், எல்லாக் குப்பையும் போற இடத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டா. இன்னும் கொஞ்சத் தூரம் போனால் அந்தச் சில டொலரும் கொடுக்க மனமில்லாதவர்கள் வீதியோரம் எறிந்த கறுப்புப் பைகள். விழாத் தரையில் ஒரு பொட்டும் இல்லை. அதைச் சோதிக்க ஒரு பணியகம் இருக்கிறது.

அந்த வருசம் மழை பெய்தது உங்களுக்குத் தெரியும். செப்டெம்பர் 1 வெள்ளி இரவு தொடங்கி, அந்தத் தரை முழுக்கப் பசைக்களி ஆனது. வாசலை மூடிவிட்டார்கள். ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் உள்ளே. சாப்பாட்டையும் தண்ணியையும் மிச்சம் பிடியுங்கோ என்று அறிவித்தல். சப்பாத்துக்கு மேல் பிளாஸ்ரிக் பை கட்டிக்கொண்டு நடந்தோம். திங்கட்கிழமைதான் வெளியேற விட்டார்கள்.

எங்களிடம் இருந்தது சூரிய மின்சாரம் மட்டும். வானம் முழுக்க முகில். பலகையிலிருந்து வந்தது வழக்கத்தில் ஒரு சிறு பங்கு. எங்கள் கூடாரத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு தச்சர் இருந்தார். நித்திரையில் மூச்சு நின்று போகும் வருத்தம். இரவில் இயந்திரம் பூட்டித்தான் படுப்பார். நாங்கள் போட்ட மூன்று கூட்டங்களில் இவரைப் பற்றியும் ஒருத்தரும் கேட்கவில்லை. அவரும் வெட்கத்தில் சொல்லவில்லை. வெள்ளி இரவுதான் தெரிய வந்தது.

அந்த இரவு நடந்த கூட்டம் பத்து நிமிடம். பற்றறி முழுக்க அவருடைய இயந்திரத்துக்கு. பாட்டு இல்லை, லைற் இல்லை, ஆரும் போன் சார்ஜ் போடக் கூடாது, ஐஸ்பெட்டியை அணை, பழுதாகப் போறதை இப்பவே சமை. ஒருத்தரும் எதிர்க்கவில்லை. மூன்றாம் நாள் இரவு பற்றறியும் போதவில்லை. பக்கத்துக் கூடாரத்தின் ஜெனறேற்றரை நாலு மணித்தியாலம் இரவல் வாங்கினோம். நான்தான் போய்க் கேட்டேன். "ஜெனறேற்றர் இல்லாத கூடாரம்" என்று நாங்கள் மட்டையில் எழுதித் தொங்கவிட்ட பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் போய்க் கேட்டேன்.

போன வருசம் உங்களிடம் ஆசை காட்டியபோது இந்த இரவைத்தான் நான் நிறையச் சொன்னேன். கூட்டுணர்வு, தோழமை என்று. அது பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடத்தைத் தவறவிட்டிருந்தேன். அன்றைக்கு நாங்கள் கேட்டது, "எதை விட்டால் நாங்கள் நல்லவர்கள்?" என்றில்லை. "ஆருக்கு எது இல்லாமல் முடியாது?" என்றுதான். இருப்பதை அதற்கு முதலில் ஒதுக்கினோம். மிச்சத்தைக் குறைத்தோம். காபன் கணக்கையும் அப்படித்தான் போட வேண்டும்.

சரி, எங்கள் தீர்மானத்துக்கு வாறன்.

நான் எழுதினபடி நடந்தால், மொஹாவேக்கு 120 பேர். அதில் கலிபோர்னியாக்காரர் முப்பது பேர். மிச்சப் பேர் ரொறன்ரோ, லண்டன், பரிஸ், ஒஸ்லோ. மின்சாரத்தை முழுக்கச் சூரியனில் எடுத்தாலும், எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டாலும், இந்தத் தொண்ணூறு பேரின் விமானப் பயணம் அதையெல்லாம் விழுங்கிவிடும்.

நிலமும் ஒன்றில்லை. பிளாக் றொக் என்பது பழைய ஏரியின் அடித்தரை. மாரியில் தண்ணி நின்று, வற்றும்போது தரை திரும்பவும் மட்டமாகும். அங்கேயும் உயிர் இருக்கிறது. சிறு இறால்களின் முட்டைகள் வருசக்கணக்கில் காய்ந்து கிடந்து தண்ணி வந்ததும் பொரிக்கும். என்றாலும் சக்கரத் தடம் ஓரளவுக்கு அழியும். மொஹாவே அப்படியில்லை. அங்கே பல இடங்களில் மண்ணின் மேல்தோலே உயிருள்ளது. நுண்ணுயிர், பாசி, லைக்கன் எல்லாம் பின்னி மண்ணைக் காற்றில் போகாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் ஒரு கால் பதிந்தால் ஆற பல பத்தாண்டு எடுக்கும். பாலைவன ஆமை அங்கே 1990 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 120 பேர் அரிவரிசையில் நடந்து பொறுக்கினால், பொறுக்கிறதே சேதம். இது தெரியாமல் நான் அந்த இடத்தை வரைபடத்தில் பார்த்து, அழகாக இருக்கு, மலிவாக இருக்கு என்று தெரிவு செய்தேன். அது ஆருடைய மண் என்று செமெஹூவி, செரானோ மக்களிடம் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. கூட்டத் தொடக்கத்தில் நில ஒப்புகை வாசிக்க மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

ஆகவே நான் கேட்கும் திருத்தங்கள் நாலு.

ஒன்று. ஒரு பெரிய கூடலுக்குப் பதிலாக, அவரவர் இடத்துக்குக் கிட்ட நாலு சிறு கூடல். ரொறன்ரோவுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ரயிலில் வரக்கூடிய ஒன்று, கலிபோர்னியாவுக்கு ஒன்று. பேர்ணிங் மேன் அமைப்பே ரீனோவிலிருந்தும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் பஸ் விடுகிறது. நாங்களும் பஸ்ஸை முதலில் பிடித்துவிட்டு இடத்தைப் பிறகு தேடுவோம். பஸ் போகாத இடத்துக்கு நாங்களும் போவதில்லை.

இரண்டு. மின்சாரம் ஒன்று, எல்லாருக்கும் பொது. பதிவுப் படிவத்தில் முதல் கேள்வி, "உங்கள் உடம்புக்கு மின்சாரம் தேவையா?" என்று இருக்கட்டும். இயந்திரம், குளிரில் வைக்க வேண்டிய மருந்து, சக்கரநாற்காலி பற்றறி. அதற்கு ஒதுக்கினது போக மிச்சம்தான் மேடைக்கும் பாட்டுக்கும். முகில் நாளுக்கு ஒரு சிறு ஜெனறேற்றர் பின்னுக்கு நிற்கட்டும். அதற்கு வெட்கப்பட வேண்டாம். எவ்வளவு ஓடியது என்று எழுதிச் சுவரில் ஒட்டுவோம்.

மூன்று. சமையல் ஒன்றாக. தனித்தனி அடுப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி கழுவத் தண்ணி வேணும், அந்தக் கழுவுதண்ணியை நிலத்தில் ஊற்றவும் கூடாது, பீப்பாயில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எங்கள் சனத்துக்கு இது லேசு. புட்டு அவித்தால் குழலைத் துடைத்தாலே போதும். சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். சட்டியை ரொட்டியால் வழித்துத் தின்றால் பாதிக் கழுவல் முடிஞ்சுது. சிரியுங்கோ, ஆனால் இரண்டு வருசம் பாத்திரம் கழுவிய ஆள் சொல்லுறன்.

நாலு. நிலத்து மக்களிடம் முதலில் கேட்பது. கேட்பது என்றால் "இல்லை" என்ற பதிலுக்கும் தயாராகக் கேட்பது. சம்மதித்தால், அவர்களுக்குக் கொடுக்கும் காசு வரவுசெலவுக் கணக்கில் முதல் வரியில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு இழப்பு இருக்கிறது. அதை நான் மறைத்தால் இவ்வளவும் சொல்லிப் பிரயோசனமில்லை. போன மாதம் எங்கள் தோழர் ஒருவரோடு கதைத்தேன். பெயர் சொல்ல மாட்டேன், அவரிடம் கேட்டுத்தான் இதைச் சொல்லுறன். நோர்வேயின் வடக்கில் ஒரு சிறு ஊரில் இருக்கிறார். அந்த ஊரில் தமிழர் மூன்று குடும்பம். தன்னைப் போல இன்னொரு தமிழ் ஆளை, தன்பாலீர்ப்புள்ள ஆளை, அவர் நேரில் கண்டதே எங்கள் கூடலில்தான். "நீ தொன் கணக்குச் சொல்லுறாய். எனக்கு இது ஒரு வருசத்துக்கான மூச்சு" என்றார். நான் என்ன சொல்லுறது? போனை வைத்துவிட்டுக் கனநேரம் சும்மா இருந்தேன்.

பிறகு அந்தத் தச்சரின் இயந்திரம்தான் ஞாபகம் வந்தது. அவருக்காக நாங்கள் லைற்றை அணைத்தோம். எல்லாரும் ஒரே அளவு குறைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கவில்லை. ஆகவே நாலாவதோடு ஒரு துணைத்திருத்தம்: கிட்டத்தில் கூடல் இல்லாத ஆட்களுக்காக ஒரு பயண நிதி. வருசத்தில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். அவர்கள் பறக்கட்டும். காசு நாங்கள் போடுவோம், காபனை எங்கள் கணக்கில் எழுதுவோம். ரொறன்ரோவில் வீட்டுக்கு வெளியே இறங்கினால் தமிழ்க்கடை உள்ள நான் அந்தப் பட்டியலில் இல்லை. நான் அந்தப் பாலைவனத்துக்கு இனிப் போகமாட்டேன். போகாமல் விடுவது எனக்குச் சுகமாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். அந்த வெள்ளைத் தரையில் விடியற்காலை சைக்கிள் ஓடின மாதிரி நான் வேறெங்கும் ஓடினதில்லை.

இன்னும் ஒன்று. தனி ஆட்கள் பறக்காமல் விட்டால் உலகம் திருந்திவிடும் என்று நான் நினைக்கவில்லை. தனி விமானத்துக்குத் தளம் போடுவதும் போடாமல் விடுவதும், எத்தனை பேருக்குச் சீட்டு விற்பது என்பதும் மேலே எடுக்கும் முடிவுகள். பொறுக்குவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டால், முடிவெடுக்கும் மேசையிலும் இடம் கேட்க வேண்டும். மறித்தவர்கள் கேட்டது அதைத்தான். நான் வானுக்குள் இருந்து ஹோர்ன் அடித்தேன். ஆனால் எங்கள் சொந்தக் கூடலுக்கு மேலே வேறு ஆளில்லை. முடிவெடுப்பது நாங்கள்தான். பின்னேரம் நாலு மணிக்கு, இந்த அறையில்.

என் பழைய தீர்மானத்தை நான் மீளப் பெறுகிறேன். திருத்திய வடிவம் வாசலில் வைத்திருக்கிறேன், தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கணக்குத் தாளும் பக்கத்தில் இருக்கிறது. பிழை கண்டால் பேனையால் வெட்டி எழுதுங்கோ. சாப்பாட்டு இடைவேளையில் நான் அங்கேதான் நிற்பேன்.